தோளில் தடவியது காயும்வரை

நின்றுகொண்டிருந்த அலமாரி படுக்க மறுத்தது. சிக்கல் அவ்வளவுதான்.

மாடி அறையின் சுவரோரம் நின்ற பெரிய மர அலமாரி அது. ஒரே கட்டாகச் செய்தது. கழற்றுவதற்கு ஒரு திருகுகூடக் கிடையாது. நின்ற வாக்கில் அறை வாசலைத் தாண்டாது என்பதால், படிக்கட்டில் இறக்குவதற்கு முன் அதைப் படுக்கவைத்தாக வேண்டும். மூன்று பேர் சேர்ந்து மெல்லச் சாய்த்தார்கள். கொஞ்சம் சாய்ந்ததுமே அதன் பின்பக்க மேல்விளிம்பு கூரையில் போய் இடித்தது. நிமிர்த்தினார்கள், வேறு பக்கம் திருப்பிச் சாய்த்தார்கள். அப்போதும் இடித்தது.

"என்ன மாமா, தலையைக் குனிய மாட்டேங்குதே" என்றான் மைத்துனன். "எங்க அக்கா வளர்த்த பிள்ளையா இது?"

மாமா என்று அழைக்கப்பட்டவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர்கள் தொழில். அவர், அவர் மனைவியின் தம்பி, லாரி ஓட்டுநர் ஆகிய மூவரும் நெடுங்காலக் கூட்டாளிகள். கூட்டத்தில் அவருக்குப் பெயர் ரசமட்டம். கொத்தனார் தரையில் வைத்துப் பார்க்கும் குமிழிக் கருவி எப்படிப் பொய் சொல்லாதோ, அப்படி அவர் கண்ணும் பொய் சொல்லாது என்று யாரோ ஒருநாள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நிற்கும் ஒன்று படுப்பதற்கு ஏன் கூடுதல் உயரம் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள லாரியெல்லாம் வேண்டாம், ஒரு தீப்பெட்டி போதும். அதை மேசைமேல் நிற்கவைத்து, தலைக்கு மேல் மயிரிழை இடைவெளி விட்டு ஒரு புத்தகத்தைப் பிடியுங்கள். இப்போது தீப்பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள், சாயாது. சாயும்போது அதன் ஒரு மூலை தரையிலும் எதிர்மூலை மேலேயும் இருக்கும். மூலைக்கு மூலை உள்ள தூரம் எப்போதும் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நிற்க இடம் தரும் கூரை, சாய இடம் தருவதில்லை.

இது ரசமட்டத்துக்குத் தெரியாததல்ல. அவருக்குப் புரியாதது வேறு. இந்த அலமாரியை இதே அறைக்குப் படுக்கவைத்துக் கொண்டுவந்து, இங்கேயே நிமிர்த்தி நிறுத்தியது யார்? அவரேதான். இருபது வருடத்துக்கு முன்னால்.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் வீட்டுக்காரம்மா. மகள் வீட்டோடு போய்விடப்போகிற, கறாரும் கனிவும் கலந்த பெண்மணி. "நீங்கதான் சத்தம் போட்டுட்டு நின்னீங்க. நிமிர்ந்ததும் 'கூரைக்கு முத்தம் கொடுத்துட்டு நிக்குதும்மா'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அந்த முத்தம் இன்னும் அங்கயே இருக்கு பாருங்க."

அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில், அலமாரியின் பழைய இடத்துக்குச் சற்று முன்னால், மெருகெண்ணெய் உரசிய பழுப்புக் கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அன்று உரசிக்கொண்டு போனது இன்று இடிக்கிறது. இருபது வருடத்தில் மரம் வளருமா?

"வெட்டின மரம் எங்கம்மா வளரப்போவுது" என்றார் ஓட்டுநர். "நம்ம கொத்தனார் மாதிரி ஆளுங்கதான் வளர்த்து விடுவாங்க."

அவர் திட்டியது முன்பொருநாள் தரை போட்ட கொத்தனாரை. வீட்டுக்காரம்மா இடையில் அறைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். துணிமணி நிறைந்த அலமாரியை நகர்த்தச் சோம்பல்பட்ட கொத்தனார், அதைச் சுற்றி மட்டும் டைல்ஸ் பதித்துவிட்டுப் போய்விட்டார். அலமாரி பழைய தரையிலேயே, இரண்டு விரல் ஆழப் பள்ளத்தில் நின்றது. காலையில் அதைக் கடப்பாரையால் நெம்பி, மரக்கட்டை செருகி, பள்ளத்திலிருந்து தூக்கி டைல்ஸ்மேல் வைப்பதற்குள் மூவருக்கும் முதுகு கழன்றுவிட்டது.

"அறுத்துடலாமாம்மா?" என்று கேட்டான் மைத்துனன்.

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் வாங்கினது தம்பி. இந்த வீட்டுல என்னைவிட சீனியர். எனக்கு மனசு வரலை. வீடு காலி பண்ண இன்னும் நாள் இருக்கு, யோசிங்க."

யோசிப்பதுதான் ரசமட்டத்தின் வேலை. பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பின்னால் பிடித்திருப்பவனுக்குக் கண்ணெதிரே மரம் மட்டும்தான் தெரியும். அதனால் ஒருவர் மட்டும் வழி சொல்ல வேண்டும். அவரை அவர்கள் 'குரல்' என்பார்கள். "இடது தூக்கு, நிறுத்து, மூக்கைத் திருப்பு" என்று குரல் சொன்னால் கைகள் கேள்வி கேட்காமல் செய்யும். இரண்டு குரல் இருந்தால் ஒரு கால் போகும் என்பது அவர்கள் பழமொழி. லாரி வாங்கிய நாளிலிருந்து ரசமட்டம்தான் குரல்.

அவர் அதைச் செய்த விதம் விசித்திரமானது. கண்ணை மூடிக்கொள்வார். மூடிய இமைக்குள் சாமான் தரையை விட்டு எழும்பும். குளத்தில் மிதக்கும் படகைப் போல எடையே இல்லாமல் திரும்பும். வயிற்றைக் காட்டும், முதுகைக் காட்டும், மாடிப்படியின் வளைவில் மீனைப் போல நெளிந்து இறங்கும். கண்ணைத் திறந்து, பார்த்ததை அப்படியே சொல்வார்.

இப்போது அப்படி நடப்பதில்லை. அலமாரி எழும்பும்; பாதி திரும்பியதும் பனிமூட்டத்துக்குள் நுழைந்ததுபோல மங்கும். முதுகு தெரிகிறபோது முகம் மறந்துவிடுகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனைவிக்குத் தெரிந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். மனிதர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதாக நடிக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துபடி. கணவர் சாப்பிட்டதும் தூங்கி வழிவதையும், குடித்து முடித்த காலி டம்ளரை மறுபடி ஊதி ஆற்றுவதையும் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

ரத்தத்தைக் காலையில் எடுத்தார்கள், சில நாள் கழித்து இன்னொரு காலையிலும் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்பு விடியலில் உச்சத்தில் இருந்து, பகல் ஏற ஏற இறங்கும். ஆகவே மாலையில் அளந்து 'குறைவு' என்று சொல்வது, வடிந்த நேரத்தில் போய்க் கடலை அளப்பதுபோல. ஒரு நாள் அளவை மட்டும் நம்பவும் கூடாது. இரண்டு காலையிலும் அவருக்கு அளவு குறைவாகவே இருந்தது.

"அந்தச் சுரப்பு கலந்த ஜெல் தரேன்" என்றார் டாக்டரம்மா. "சோர்வு கொஞ்சம் குறையலாம், மனசு கொஞ்சம் தெளியலாம். அப்பப்ப ரத்தம் கொடுத்துப் பார்க்கணும். ஆனா மறதிக்குன்னு கேட்டீங்கன்னா, இதை நம்பாதீங்க. வயசானவங்கள்ல பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு வெறும் ஜெல்லையும் கொடுத்து, யாருக்கு எதுன்னு சொல்லாம ஒரு வருஷம் பார்த்திருக்காங்க. ஞாபகசக்தியில வித்தியாசம் இல்லை."

ரசமட்டம் தலையாட்டினார். காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். ஏனென்றால் ரத்தப் பரிசோதனையைக் கேள்விப்பட்ட ஓட்டுநர் ஏற்கெனவே அவருக்கு வைத்தியம் சொல்லியிருந்தார். "எங்க சித்தப்பா இதுக்கான ஜெல்லைத் தடவினாருண்ணே. இப்ப ஃபோன் நம்பரெல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிறாரு."

"நம்பர் ஞாபகம் வந்துச்சா, நம்பர் கொடுத்தவங்க ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டிருந்தான் மைத்துனன்.

அன்றிலிருந்து காலைகள் ஒரே மாதிரி ஆயின. குளித்துவிட்டு வந்து, கண்ணாடி போலத் தெளிந்த குளிர்ந்த ஜெல்லைத் தோள்களில் தடவுவார். சாராய வாடை கொஞ்சம் எழுந்து அடங்கும். ஜெல்லில் கலந்துள்ள அந்தச் சாராயம்தான் ஆவியாகி, சுரப்பைத் தோலின் மேலடுக்குக்குள் விட்டுவிட்டுப் போகிறது. தோல் அதைப் பஞ்சைப் போல வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ரத்தத்துக்குக் கொடுக்கிறது. காயும்வரை சட்டை போடக் கூடாது, யாரும் தொடவும் கூடாது.

"தள்ளி நில்லுங்க" என்பார் மனைவி. "உங்களைத் தொட்டு எனக்கு மீசை முளைச்சா, கடையில எந்தக் கண்ணாடியைப் போட்டு மறைக்கிறது?"

ஜெல் தோளிலேயே நிற்க வேண்டும் என்று ரசமட்டம் தானாக ஒரு வழி வைத்துக்கொண்டார். படுக்கையறையில் தலைக்குச் சற்று மேலே, சுவரைத் துளைத்துக்கொண்டு குளியலறைவரை ஓடும் தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. இரண்டு கையையும் தூக்கி அதைப் பிடித்துக்கொண்டு, காயும்வரை நிற்பார். கைதியைப் போல நிற்கிறார் என்று மனைவி சிரிப்பார். அவருக்கு அது பிடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் தோளில் மினுங்கும். வீட்டுச் சத்தங்களெல்லாம் தூரத்தில் போய்க் கேட்கும். மூடிய இமைக்குள் அலமாரி எழும்பி, ஈரக் காற்றில் மெதுவாகச் சுற்றும்.

சில வாரங்களில் சோர்வு விலகியது. படியில் இரண்டிரண்டாக ஏறினார். பேச்சில் பழைய கனம் வந்தது. ஒருநாள் குழாயைப் பிடித்து நிற்கும்போது அலமாரி பனிக்குள் போகாமல் பளிச்சென்று திரும்பியது. அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையை நோக்கி, அகலமான வெளியில், கம்பீரமாக அது சாய்ந்து படுத்தது. நெஞ்சு நிறைந்தது. இதுதான்! இப்படித்தான் அன்று நிமிர்த்தினோம்! சுண்ணாம்பு வாசனைகூட ஞாபகம் வந்தது.

"மூலைக்கு மூலை!" என்று வீட்டுக்காரம்மாவின் அறையில் போய் நின்றுகொண்டு அறிவித்தார். "நேரா சாய்ச்சதுதான் தப்பு. அறையில நீளமான இடம் எது? மூலைக்கு மூலைதானே!"

மைத்துனன் கூரையைப் பார்த்தான். "மாமா, அது..."

"குரல் யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன? பிடி."

தவறு எங்கே என்று வாசகர் கண்டுபிடித்திருப்பார். மூலைக்கு மூலை சாய்த்தால் கூடுவது தரையின் நீளம். கூரையின் உயரம் ஓர் இம்மிகூடக் கூடாது. அலமாரிக்கு வேண்டியிருந்தது உயரம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் உதித்த விடை அவருக்கு அவ்வளவு அழகாக இருந்தது, சரிபார்க்கவே தோன்றவில்லை.

"சாய்!" என்றார். குரல் கணீரென்று இருந்தது. கைகள் கேள்வி கேட்கவில்லை. மேல்விளிம்பு கூரையில் இடித்தது. "இன்னும் அழுத்து, போகும்!" என்றார். மேலே வழியில்லாத அலமாரி கீழே வழி தேடியது. வழவழப்பான டைல்ஸில் அதன் அடி சறுக்கி, மைத்துனனின் வலது கையைக் கதவு நிலையோடு சேர்த்து நசுக்கியது.

எலும்பு முறியவில்லை. இரண்டு விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கின. வீட்டுக்காரம்மா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டார்.

லாரியில் திரும்பும்போது மைத்துனன்தான் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம், தணிவாகப் பேசினான். "மாமா, எனக்கு அப்பவே தெரியும், இடிக்கும்னு. ஆனா நீங்க சொன்ன தோரணையில நான்தான் தப்போன்னு நினைச்சுட்டேன். இனிமே குரல் நான் பார்த்துக்கறேன். நீங்க ஆபீஸ்ல உக்காந்து வர்ற ஃபோனைப் பாருங்க. சனிக்கிழமை ரம்பக்காரனை வரச் சொல்லிடறேன். அந்தம்மாகிட்ட நானே பேசறேன்."

ரசமட்டம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருக்கள் பின்னோக்கி மிதந்தன. அலமாரியை அறுத்தால் மரம் இரண்டாகும். அதோடு தன் குரலும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனார். "எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுதும்மா. அப்புறம் எப்படித் தப்பாச்சு?"

"பளிச்சுன்னு தெரியறதும் சரியா தெரியறதும் ஒண்ணு இல்லீங்களே. சோர்வு போச்சு, தைரியம் வந்துச்சு. தைரியம் விடையைச் சரிபார்க்காது. இந்த மருந்து போட்டா முதல்ல தோணின விடையையே ஆம்பளைங்க பிடிச்சுக்கறாங்கன்னு ஒரு ஆய்வு சொல்லுது. இல்லவே இல்லைன்னு இன்னொரு ஆய்வு சொல்லுது. அதனால உங்க விஷயத்துல மருந்தையும் திட்ட முடியாது, மெச்சவும் முடியாது."

"அப்ப ஞாபகம்?"

"அதைத்தான் முதல் நாளே சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

"ஆட்டினேன், கேக்கலை" என்றார் ரசமட்டம். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு நன்றாக இருந்தால் தொடருங்கள், அளவைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை விடிந்தது. பழக்க தோஷத்தில் குளித்து, தோளில் தடவிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே காலெடுத்து வைத்தார்.

"நில்லுங்க!" என்றார் மனைவி. கையில் தரை துடைக்கும் துணி. "இப்பத்தான் துடைச்சேன். ஈரத்துல கால் வைக்காதீங்க. உங்க தவத்தை இன்னிக்கு உள்ளயே பண்ணுங்க."

உள்ளேயே நின்றார். அதே குழாய் குளியலறைக்குள்ளும் ஓடியது. கையைத் தூக்கினார். எட்டவில்லை. இன்னும் நீட்டியபோது விரல்நுனி மட்டும் குழாயின் அடியைத் தொட்டது, பிடிக்க முடியவில்லை. தினமும் முழங்கை மடங்கப் பிடித்து நிற்கிற குழாய்!

"ஏம்மா, நான் குள்ளமாயிட்டேனா?"

"என்னது?"

"குழாய் எட்ட மாட்டேங்குது. வயசானா உயரம் குறையும்னு சொல்வாங்களே."

மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "குழாயும் அதே குழாய், நீங்களும் அதே ஆளு. தரைதான் வேற. தண்ணி வெளிய வரக் கூடாதுன்னு குளியலறையைப் பள்ளமா போட்டிருக்கு. தினமும் கால் வைக்கிறீங்க, தெரியாதா?"

அவர் கைகளை இறக்கவில்லை. இமைகள் தாமாக மூடிக்கொண்டன. உள்ளே அலமாரி எழும்பியது. இந்த முறை அவர் அதைப் பார்க்கவில்லை. அதன் கீழே பார்த்தார். வழவழவென்று, புதிதாக, இரண்டு விரல் மேலே வந்திருந்த தரை. முத்தமிட்ட கோடு அப்படியே இருக்கிறது, மரம் வளரவில்லை, கூரை இறங்கவில்லை. தரைதான் வேற.

நம்புவதற்கு முன் நிறுத்திக்கொண்டார். ஜெல் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டு எங்கே போவது? முதல் விடை அழகாக இருந்தால் அதை மறுபடி கேள். இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார். கடைசியில் சமையலறையைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு தீப்பெட்டி கொண்டுவா. ரெண்டு பழைய அட்டையும்."

ரம்பக்காரருக்கு முன்னால் வீட்டுக்காரம்மாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். மைத்துனன் கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்தான்.

"மாமா, ஆபீஸ்ல இருக்கச் சொன்னேனே."

"குரல் நீதான் மாப்ள, நான் கேக்கலை. ஆனா நான் காட்டறதைப் பாரு. தப்புன்னு தோணினா, தோரணையைப் பார்க்காம சொல்லு."

அறையின் ஜன்னல் மேடையில் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் சிறு இடைவெளி விட்டார். அதுதான் பள்ளம். மேலே ஒரு புத்தகத்தைக் கூரையாகப் பிடிக்க ஓட்டுநரிடம் சொன்னார். அட்டைமேல் நின்ற தீப்பெட்டியைச் சாய்த்தார், இடித்தது. அதையே பள்ளத்தில் இறக்கிச் சாய்த்தார். புத்தகத்தை உரசிக்கொண்டு, அட்டையின் ஓரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, தீப்பெட்டி முகம் குப்புற அழகாகப் படுத்தது.

மைத்துனன் அதைத் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்தான். "அப்ப நாம முதுகு ஒடியத் தூக்கி மேல வச்சதே..."

"அதேதான்."

"ஏன் சறுக்காது?"

"டைல்ஸ் ஓரம் முன்னாடி தடுத்து நிக்குதுல்ல. அந்த ஓரமே அச்சு மாதிரி. அதுமேல திரும்பும்."

"இடிக்காதுன்னு நிச்சயமா?"

"கோடு சாட்சி. உரசும், இடிக்காது. நம்பாட்டி டேப் போட்டு அளந்துக்கோ."

மைத்துனன் அளந்தான். இருமுறை அளந்தான். பிறகு ஓட்டுநரைப் பார்த்து, "ரம்பக்காரனுக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுண்ணே" என்றான். ரசமட்டத்தின் பக்கம் திரும்பி, "குரல் நீங்களே கொடுங்க மாமா. ஆனா இனிமே நான் 'ஏன்'னு கேப்பேன்" என்றான்.

"கேளு. கேக்காட்டித்தான் சம்பளம் கட்."

"எனக்கு நீங்க என்னிக்கு சம்பளம் கொடுத்தீங்க?"

நால்வராகப் பிடித்தார்கள், நான்காவது ஆள் வீட்டுக்காரம்மா. அவர் பிடித்தது அலமாரியின் கதவு திறந்துவிடாமல் கட்டியிருந்த கயிற்றை. ரசமட்டம் அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் காய நேரம் விட்டுச் சொன்னார். "பின்னாடி நகர்த்து. நிறுத்து. பள்ளத்துல இறக்கு. முன்விளிம்பு ஓரத்துல முட்டுதா? முட்டுதுன்னு சொல்லு. சரி. இப்ப சாய்."

மேல்விளிம்பு கூரையிலிருந்த பழுப்புக் கோட்டைத் தேடிப்போய் உரசிக் கடந்தது. அலமாரி படுத்தது.

உயர்ந்தது தரை, ஆகவே தீர்வு இதுதான்: அலமாரியை வெளியே இழுக்கக் கூடாது, நின்ற பள்ளத்திலேயே திரும்ப இறக்கி, டைல்ஸின் ஓரத்தை முட்டாக வைத்து, அங்கிருந்தே சாய்க்க வேண்டும்.